மலையகக் கதைக்குக் குறிப்பு எடுப்பது எப்படி: பதினொரு கொப்பியை வீணாக்கியவன் சொல்வது

என் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி, அதற்குள் பதினொரு சி.ஆர். கொப்பிகள், அதாவது தடித்த நோட்டுப் புத்தகங்கள். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் அட்டன், மஸ்கெலியா, கம்பளை, பதுளை என்று மூன்று வருடம் அலைந்து எழுதியவை. நாவலுக்குள் போனது அதில் இருபது பக்கம் இருந்தால் பெரிது. நாலாவது கொப்பியில் ஒரு வரி இருக்கிறது: "மழை. அம்மாயி சொன்னது மிக முக்கியம். கடைசி அத்தியாயத்தில் வைக்க வேண்டும்." அவ்வளவுதான். அம்மாயி என்ன சொன்னார் என்று எழுதவில்லை. மறக்காது என்று நினைத்திருப்பேன். அம்மாயி இப்போது இல்லை.

அந்த ஒரு வரிதான் இதை எழுத வைத்தது. மலையகத்தில் பிறந்து கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுத நினைப்பவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ தோட்டத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள், எல்லோருக்கும்தான் இது. எழுதுவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை, அது உங்கள் பாடு. கதைக்கு வேண்டியதை எப்படிச் சேர்ப்பது, எங்கே காசும் நாளும் வீணாகும் என்பது மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் கதையை மோசமாக எழுதிப் பாருங்கள்

நான் செய்த முதல் தவறு, கதை என்னவென்று தெரியாமலே குறிப்பெடுக்கக் கிளம்பியது. "தோட்ட வாழ்க்கையைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்வோம், அப்புறம் எழுதுவோம்" என்று போனால் எல்லாமே முக்கியமாகத் தெரியும். கொப்பி நிரம்பும், கதை நகராது.

ஒரு காட்சியை எடுத்து, தெரிந்ததை வைத்து மூன்று பக்கம் எழுதுங்கள். தெரியாத இடத்தில் நிற்காமல் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு மேலே போங்கள். என் காட்சி இது: 1972இல் ஒரு குடும்பம் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிறது, அட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறுகிறார்கள். எழுதி முடித்ததும் பதினேழு கேள்விக்குறிகள். லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) ஸ்டேஷனுக்கு லொறியில் வந்தார்களா, நடந்தா? பெட்டியில் என்ன இருந்தது? ஆட்டை யாரிடம் விட்டார்கள்? பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது? கோச்சி காலையா, ராத்திரியா?

இந்தக் கேள்விகளை மூன்றாகப் பிரியுங்கள்: ஆள், தாள், கால். ஆளிடம் கேட்டால் கிடைப்பது ஒன்று. தாளில், அதாவது பத்திரிகை, ஆவணம், வரைபடத்தில் கிடைப்பது இன்னொன்று. மூன்றாவது, நீங்களே நடந்து போய்ப் பார்த்தால் மட்டும் கிடைப்பது. ஆட்டைப் பற்றிய கேள்விக்குச் சுவடிக்கூடத்தில் பதில் இல்லை. ஒப்பந்தத் தேதியை எழுபத்தெட்டு வயதுப் பாட்டியிடம் கேட்பதும் வீண். இப்படிப் பிரித்த பிறகே எனக்குப் பயணங்கள் பாதியாகக் குறைந்தன.

2. கொப்பி, பென்சில், போன்

பெரிய செலவில்லை. ஆனால் மலையின் மழையை மனதில் வைத்து வாங்க வேண்டும். ஜெல் பேனாவால் எழுதிய ஒரு முழு நாள் குறிப்பு மஸ்கெலியாவில் ஒரே மழையில் நீலக் குளமாகிவிட்டது. அன்றிலிருந்து பென்சில்தான். சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னக் கொப்பி ஒன்று, ராத்திரி உட்கார்ந்து எழுதப் பெரிய சி.ஆர். கொப்பி ஒன்று, இரண்டையும் போட ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை. இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு ஒரு துண்டு சவர்க்காரம். எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: தேதி, இடம், சொன்னவர், அது எந்தக் காட்சிக்கு. அதோடு ஓரத்தில் ஓர் எழுத்து. நானே கண்டது என்றால் "க", கேட்டது என்றால் "கே", என் ஊகம் என்றால் "ஊ". இதைச் செய்யாததால் எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். லயத்து வாசலில் சிவப்பு ரோஜாச் செடி என்று இரண்டாம் கொப்பியில் இருந்தது. அதை வைத்து ஓர் அத்தியாயமே கட்டினேன். பிறகு அந்த வீட்டுக்குப் போனால் ரோஜாவும் இல்லை, ரோஜா நடுவதற்கு இடமும் இல்லை, வாசலை ஒட்டி வடிகால் கான்தான் ஓடுகிறது. நான் பஸ்ஸில் வரும்போது கற்பனை செய்து எழுதியதை, கண்டது என்று ஒரு வருடம் கழித்து நானே நம்பிவிட்டேன்.

அன்றைய குறிப்பை அன்றிரவே பெரிய கொப்பிக்கு மாற்றுங்கள். "நாளைக்குப் பார்ப்போம்" என்றால் அம்மாயி கதைதான். படம் எடுப்பதாக இருந்தால், முதலில் இடத்தின் பெயரும் தேதியும் எழுதிய ஒரு தாளைப் படம் பிடித்துவிட்டு மற்றதை எடுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு தேயிலை மலைக்கும் இன்னொரு தேயிலை மலைக்கும் வித்தியாசம் தெரியாது. குரல் பதிவுகளை டவுனுக்கு வந்தவுடன் கூகிள் டிரைவில் ஏற்றிவிடுங்கள். தோட்டத்துக்குள் சிக்னலை நம்ப முடியாது.

3. எந்த மாதம், எந்தக் கிழமை, எத்தனை மணி

மேற்குப் பக்கம், அதாவது அட்டன், மஸ்கெலியா, நோர்வூட் எல்லாம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனையும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அந்த நாளில் காய்ந்திருக்கும். அங்கே மழை வடகிழக்குப் பருவத்தோடு வரும். முதல் பயணத்துக்கு ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை மேற்குப் பக்கம் நல்லது. ஆனால் கதையில் மழைக்காலம் வந்தால் ஒரு தடவையாவது ஜூனில் போய்த்தான் ஆக வேண்டும். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் முரட்டுப் படங்கு நனைந்தால் எவ்வளவு கனக்கும் என்பது பெப்ரவரியில் தெரியாது.

தங்க இடம் தேடும்போது இரண்டு சீசன்களைக் கணக்கில் எடுங்கள். சிவனொளிபாத மலைக்குப் போகும் காலம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை. அப்போது அட்டன், மஸ்கெலியாவில் வார இறுதியில் அறை கிடைப்பதும் பஸ்ஸில் சீட் கிடைப்பதும் கஷ்டம். நுவரெலியாவில் ஏப்ரல் என்றால் கேட்கவே வேண்டாம், விலை இரண்டு மடங்கு. கிழமை நாட்களில் போங்கள், டவுனில் சின்ன அறையாக எடுங்கள். அறை, சாப்பாடு, பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து மூன்று நாளுக்கு எனக்குக் கடைசியாகப் பதினெட்டாயிரம் ரூபாய் ஆனது. அதில் பாதிக்கு மேல் ஆட்டோ. தோட்டத்தின் உட்பிரிவான டிவிஷனுக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்காமல் உள்ளே போனதன் பலன்.

ஆட்களைப் பார்க்க நேரம்: காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில் யாரையும் மறிக்காதீர்கள். தள்ளி நின்று பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்தவர்கள் உடனே தண்ணி பிடிக்க, அடுப்பு மூட்ட, பிள்ளையைக் கூட்டிவர ஓடுவார்கள். ஞாயிறு காலை துணி துவைப்பு, விறகு. ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகுதான் உட்கார்ந்து பேச ஆள் கிடைக்கும். மாதத்தின் பத்தாம் தேதியை ஒட்டிச் சம்பள நாள், அன்றைக்குக் கடைக் கணக்கும் கடன்காரரும் இருக்கும்போது உங்கள் நாவல் யாருக்கு வேண்டும்? ஆனால் சம்பள நாளைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள் என்றால் அன்றைக்கு டவுன் பஸ் ஸ்டாண்டில் நாள் முழுக்க உட்காருங்கள்.

4. தோட்டத்துக்குள் போக

தோட்டம் கம்பெனியின் பொறுப்பில் இருக்கும் இடம். பொது ரோட்டில் நிற்கலாம், நடக்கலாம். ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள் போகவும், வேலை நடக்கும் மலையில் படம் எடுக்கவும் மேனேஜரின் அனுமதி வேண்டும். லயத்தில் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போவது வேறு விஷயம், அதற்கு அந்த வீட்டார் அழைத்தால் போதும். ஆனால் யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

ஒரு தோட்டத்தில் என்னைக் கேட்டிலேயே நிறுத்தி, போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம். சம்பளப் பிரச்சினை சூடாக இருந்த வாரம் அது, என்னைப் பத்திரிகைக்காரன் என்று நினைத்துவிட்டார்கள். என்னோடு பேசிய குற்றத்துக்கு உள்ளே இருந்த அக்காவையும் கூப்பிட்டு விசாரித்ததுதான் பெரிய கவலை. நமக்கு ஒரு காட்சி, அவருக்கு அங்கேதான் வாழ்க்கை. அதனால் இதை முன்கூட்டியே செய்யுங்கள்: ஒரு பக்கக் கடிதம், தமிழிலும் ஆங்கிலத்திலும். பெயர், அடையாள அட்டை இலக்கம், எதற்கு வருகிறீர்கள், எந்த நாட்கள், எதைப் படமெடுக்க மாட்டீர்கள். குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன் அனுப்பிவிட்டு, போகும் நாளில் ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள்.

அனுமதி கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். ஸ்டோரின் உள்வேலை, பழைய இயந்திரங்கள், உலர்த்துவது, உருட்டுவது எல்லாம் பார்க்கக் கண்டியில் ஹந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகம் போதும். 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் அது. அங்கே இருப்பது பெரும்பாலும் துரைமார் பக்கத்துக் கதை. கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, லயத்து அறையான காம்பராவையே காட்சியாக வைத்திருக்கிறார்கள், தொழிலாளர் பாவித்த சாமான்கள் இருக்கின்றன. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இரண்டாவதற்குப் போங்கள். போகுமுன் போன் செய்து திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

5. ஆட்களிடம் கேட்பது

இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும், நான் ஒதுக்கவில்லை.

முதலில் தகரம். லயத்துக் கூரை தகரம் என்பது நமக்குத் தெரியும், ஆனால் அதன் கீழே மழை நேரத்தில் குரல் பதிவு செய்தால் என்ன கிடைக்கும் என்று யோசிப்பதில்லை. என்னிடம் நாற்பது நிமிடப் பதிவு ஒன்று இருக்கிறது. முழுக்கத் தகரத்தில் மழை. நடுவில் ஒரு தாத்தா இருமுகிறார், ஒரு தடவை "அதுக்கப்புறம் அவன் வரவே இல்ல" என்கிறார். யார் வரவில்லை? தெரியாது. பதிவு ஓடிக்கொண்டிருந்தாலும் கையால் எழுதுங்கள். முடிந்தால் கோயில் திண்ணை, மரத்தடி, அல்லது பிள்ளைக்காம்பரா (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) வாசல் மாதிரி இடத்தில் உட்காருங்கள். டிவி ஓடும் வீட்டில் முதல் பத்து நிமிடத்தைச் சீரியலுக்கே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, கேள்வி. "அந்தக் காலத்தில் ரொம்பக் கஷ்டமா பாட்டி?" என்று நான் கேட்டேன். "கஷ்டமானு கேட்டா என்னாத்த தம்பி சொல்றது, கஷ்டந்தான்" என்றார் பாட்டி. அதோடு முடிந்தது. அடுத்த தடவை போனபோது "கோச்சி ஏறுன அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், ரொட்டி சுட்டார்களாம், யாருக்கும் இறங்கவில்லையாம், அதைச் சீலைத் துண்டில் கட்டிப் போகிற அக்காவின் மடியில் வைத்தாராம். தலைமன்னாருக்குப் போகும்வரை அந்த ரொட்டியை அக்கா தின்னவே இல்லை என்று பிறகு கடிதம் வந்ததாம். பெட்டியைப் பற்றிக் கேட்டால் பெட்டியின் நிறம் வந்தது, பூட்டு வந்தது, பூட்டின் சாவி இன்னும் தன்னிடமே இருக்கிறது என்பதும் வந்தது. எடுத்துக் காட்டினார். அந்தக் கோச்சிக்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

சாமானைக் கேளுங்கள், சாப்பாட்டைக் கேளுங்கள், யார் எங்கே நின்றார்கள் என்று கேளுங்கள். மனம் என்ன பட்டது என்பது தானாக வரும், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, வருடம். பெரியவர்கள் கலண்டர் வைத்துப் பேசமாட்டார்கள், சம்பவம் வைத்துப் பேசுவார்கள். அவர்களிடம் வருடத்தைக் கேட்டு நெருக்கினால் உங்களைத் திருப்திப்படுத்த ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். "அது பஞ்சத்துக்கு முந்தியா பிந்தியா?" என்று கேளுங்கள். அநேகமாக 1973, 74 காலத்துத் தட்டுப்பாட்டைத்தான் பஞ்சம் என்பார்கள். "அரசாங்கம் தோட்டத்த எடுத்தது" என்றால் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள். கம்பெனித் தோட்டம் என்றால் பெரும்பாலும் 1975. "கலவரம்" என்றால் எது என்று திரும்பக் கேளுங்கள், 77ஆ, 81ஆ, 83ஆ என்று. "திரும்பக் கம்பெனி வந்தது" என்றால் 1992. இந்த ஆணிகளை அடித்துக்கொண்டால் மற்ற நினைவுகளை ஒவ்வொன்றாக மாட்டலாம்.

நான்காவது, கைமாறு. காசு கொடுக்காதீர்கள், அடுத்த நாள் வேறொருவர் உங்களுக்குப் பிடித்தமாதிரி கதை சொல்ல வருவார். பிஸ்கட், பழம், பாட்டிக்கு வெற்றிலை போதும். எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அடுத்த தடவை கொண்டுபோய்க் கொடுத்தால் அதைவிடப் பெரிய கைமாறு இல்லை. கதையில் பெயரையும் தோட்டத்தையும் மாற்றுவேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி மாற்றுங்கள். சாதி, ஓடிப்போனது, வழக்கு, குடி, இதெல்லாம் ஒருவர் வீட்டில் சொன்னதை அடுத்த வீட்டில் போய்ச் சரிபார்க்கக் கூடாது. ஒரு லயத்தில் சுவர் என்பது பேருக்குத்தான்.

6. சொற்களுக்குத் தனிக் கொப்பி

வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எழுதிய கதையில், பெண்கள் தவறணைக்கு வேலைக்குப் போகிறார்கள் என்று நான் திருத்தியதைப் பார்த்து அரண்டுபோனார். அவர் ஊரில் தவறணை என்றால் கள்ளுக்கடை. தோட்டத்தில் தவறணை என்றால் தேயிலைக் கன்று வளர்க்கும் மேடை.

எழுதிவைக்க வேண்டியவை கொஞ்சம் சொல்கிறேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது பிரட்டு. கொழுந்து நிறுக்கும் கொட்டில் மடுவம். செடிமட்டம் பார்த்துக் கொழுந்து எடுக்கக் குறுக்கே வைக்கும் நீளக் குச்சி மட்டக்கம்பு. செடியை வெட்டி இறக்குவது கவ்வாத்து. குறித்த அளவு கொழுந்து எடுத்தால் முழு நாட்சம்பளத்துக்கான "பேர்" விழும், குறைந்தால் "அரைப்பேர்". வேலையிலிருந்து நிறுத்திக் கொடுக்கும் தாள் பற்றுச்சீட்டு, வாயில் வரும்போது அது பத்துச்சீட்டு. மலைகளுக்குப் பெயரை விட நம்பர்தான் அதிகம்: "அஞ்சாம் நம்பர் மலையில நிக்கிறா" என்றால் அவள் எங்கே என்று தோட்டத்துக்கே தெரியும்.

சொல்லை மட்டும் எழுதினால் போதாது, சொல் வந்த முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். எந்தத் தோட்டம், சொன்னவருக்கு என்ன வயது என்பதையும். இருபது வயதுப் பெண் சொல்லாத சொற்களை அவள் வாயில் திணிப்பது எங்கள் ஆட்களே செய்யும் தப்பு. இன்றைக்கு அவள் போனைப் பற்றி, கொழும்புக் கடை வேலையைப் பற்றிப் பேசுகிறாள், காலையில் பிரட்டைப் பற்றியும் பேசுகிறாள்.

7. தாள் தேடுவது

கொழும்புக்கு ஓடும் முன் வீட்டிலிருந்தபடி நூலகம் இணையத்தளத்தைத் துருவுங்கள். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் எல்லாம் இலவசம். மலையகச் சஞ்சிகைகளும் தொழிற்சங்க வெளியீடுகளும் பாடசாலை மலர்களும் அதில் கிடைக்கும். பாடசாலை மலரை லேசாக நினைக்காதீர்கள். பழைய மலரில் வரும் விளம்பரத்தில்தான் அட்டன் டவுனில் அப்போது எந்தக் கடை இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்தது கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடம். பழைய பத்திரிகைகள், அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள், திணைக்கள நிர்வாக அறிக்கைகள் அங்கே இருக்கின்றன. தேசிய அடையாள அட்டையோடு போய் வாசகர் அனுமதி எடுக்க வேண்டும். வார இறுதியிலும் பௌர்ணமிப் போயா நாளிலும் போகாதீர்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் இரண்டு நாளாவது ஒதுக்குங்கள், முதல் நாள் படிவம் நிரப்பவும் எது எங்கே என்று பிடிபடவுமே போய்விடும். வேண்டிய பத்திரிகை, மாதம், வருடம் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். "1972 வீரகேசரி" என்று கேட்டால் ஒரு வருடத்தைப் புரட்ட வேண்டிவரும். எனக்கு வேண்டியிருந்தது மூன்று வாரம்தான்.

கடிதத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஓர் அலுவலகத்தில் "கதை எழுதுவதற்காக" என்று கொடுத்தேன். வாங்கியவர் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வாரம் அதே கடிதம், "மலையகச் சமூக வரலாறு தொடர்பான இலக்கிய ஆய்வுக்காக" என்று. கையெழுத்து விழுந்தது.

அந்தக் காலத்துத் தோட்டம் யாருடையது, எத்தனை ஏக்கர், துரை யார் என்பதற்குப் பெர்குசன் டிரெக்டரி என்ற ஆங்கிலப் புத்தகத்தைப் பாருங்கள். ஆண்டுவாரியாக வந்தது. தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிடும் பெயர் வேறொன்று இருக்கும். இரண்டையும் முதலில் ஊரில் கேட்டு எழுதிக்கொள்ளாமல் டிரெக்டரியைத் திறந்தால் தலை சுற்றும். வரைபடத்துக்கு நில அளவைத் திணைக்களம். ஓர் அங்குல வரைபடத்தில் தோட்டப் பெயர், ஓடை, ரோட்டுவளைவு எல்லாம் இருக்கும். உங்கள் பாத்திரம் ஒரு மணி நேரத்தில் நடந்து போகிற தூரம் உண்மையில் நடக்கக்கூடியதா என்பதை அதில் அளந்து பார்க்கலாம்.

ஒரு வைத்தியசாலை எப்போது வந்தது, ஒரு ரோட்டுக்கு எப்போது தார் போட்டார்கள் என்ற மாதிரிச் சின்னக் கேள்விகளுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கை கொடுக்கும். சம்பந்தப்பட்ட அரச நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை, என் விண்ணப்பமே வரவில்லை என்றார்கள். முதலிலிருந்து தொடங்கினேன்.

எல்லாவற்றையும் விட நல்ல ஆவணக்காப்பகம் வீட்டு டிரங்குப் பெட்டி. பிறப்புச் சான்றிதழ், பழைய சம்பளத் துண்டு, சங்கச் சந்தா அட்டை, இந்தியப் பாஸ்போர்ட்டுக்காக எடுத்த குடும்பப் படம், அக்கரையிலிருந்து வந்த கடிதம். பெட்டியைத் திறக்கச் சொல்லாதீர்கள், அவர்களாகத் திறக்கும்வரை பொறுங்கள். அசலை ஒருநாளும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், ஒரு ராத்திரிக்குக்கூட. அங்கேயே வைத்துப் படம் எடுங்கள்.

8. வருடப் பொறிகள்

கதையில் சட்டமோ ஒப்பந்தமோ ஒரு வரிகூட வரத் தேவையில்லை. ஆனால் அவை தெரியாவிட்டால் பாத்திரம் செய்ய முடியாத காரியத்தைச் செய்துவிடும்.

என் முதல் வரைவில் 1972இல் கோச்சி ஏறியவர்கள் கப்பலில் தனுஷ்கோடியில் போய் இறங்கினார்கள். கம்பளையில் ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார் வாசித்துவிட்டு, "தம்பி, ஒங்க ஆளுங்க கடல்லதான் எறங்கியிருப்பாங்க" என்றார். தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலோடு போய்விட்டது. அதற்குப் பிறகு தலைமன்னார்க் கப்பல் இராமேஸ்வரத்துக்குத்தான்.

இப்படி இன்னும் உண்டு. மலையக மக்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பிரித்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30. 1962இல் நடக்கும் கதையில் அந்த ஒப்பந்தத்தின்படி யாரையும் அனுப்பாதீர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரஜாவுரிமை இழந்த குடும்பத்துத் தாத்தாவை 1956 தேர்தலில் வரிசையில் நிறுத்தினால், அவருக்கு எப்படி வாக்கு வந்தது என்பதற்குக் கதையில் பதில் இருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. அதற்கு முன் நடக்கும் கதையில் புருஷனும் பெண்சாதியும் ஒரே தொகையை எண்ணக் கூடாது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் 2021இல். அதற்கு முந்திய கதையில் "ஆயிரம் ரூபா வேணும்" என்று கோஷம் போடலாம், கையில் வாங்க முடியாது. 1980இல் வெள்ளைத்துரை குதிரையில் வருவதும் பாவம்.

இடத்துக்கும் வருடம் உண்டு. இன்றைய மஸ்கெலியா டவுன் பழைய டவுன் இல்லை. பழையது மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. வரட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயில் தலைகாட்டும். 1960இல் மஸ்கெலியாவில் நடக்கும் காட்சியை எழுத இன்றைய கடைத்தெருவில் நின்று நான் இரண்டு நாள் குறிப்பெடுத்தேன். எடுத்த இடம் தப்பு.

9. எப்போது நிறுத்துவது

பதினேழு கேள்வியில் பன்னிரண்டுக்குப் பதில் வந்ததும் எழுத உட்காருங்கள். மிச்ச ஐந்தில் மூன்று தேவையில்லை என்று எழுதும்போது தெரியும். குறிப்புகளைத் "தீபாவளி", "வேலை", "உணவு" என்று தலைப்பு வாரியாக அடுக்கி ஒரு மாதம் போக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. பழைய கலியாணக் கார்டுகளின் பின்புறத்தில் காட்சிக்கு ஒரு கார்டு என்று எழுதி, அந்தக் காட்சிக்கு வேண்டியது எந்தக் கொப்பி, எத்தனையாம் பக்கம் என்று மட்டும் குறித்தேன். அது வேலை செய்தது. கொப்பிகளுக்கு நம்பர் போட்டு, பக்கங்களுக்கும் நம்பர் போட்டால்தான் இது நடக்கும். அதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

எழுதிய காட்சியை, அந்த வேலையைச் செய்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கையில் கொடுக்காதீர்கள், வாசியுங்கள். நான் கொழுந்து நிறுக்கும் காட்சியை ஓர் அக்காவுக்கு வாசித்தேன். என் கதாநாயகி மடுவத்துக்கு வந்து கூடையைத் தோளிலிருந்து கழற்றி வைக்கிறாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "தோள்லயா? கயிறு தலையிலல்ல இருக்கு." எழுந்து, இல்லாத கூடையின் கயிற்றை இரண்டு கையாலும் தலையிலிருந்து முன்னால் தூக்கி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, பாரத்தை முதுகோடு வழுக்கவிட்டுத் தரையில் வைத்துக் காட்டினார். வைத்த பிறகு கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இதையும் எழுதிக்க" என்றார். பன்னிரண்டாவது கொப்பியில் முதல் பக்கம் அதுதான். ஓரத்தில் "க".